அந்தமும் ஆதியும்: பினாங்குக்கு வந்த ஜப்பானியப் பாட்டு

ஒரு மொழியின் பாட்டு இன்னொரு மொழியாரின் நாவில் ஏறுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கட்டளை. மற்றொன்று, விருப்பம். கட்டளையால் ஏறிய பாட்டு கட்டளையிட்டவன் போனதும் இறங்கிவிடும். விருப்பத்தால் ஏறிய பாட்டு கைமாறிக் கைமாறித் தலைமுறைகளைக் கடக்கும். இந்த உண்மைக்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டு இடைவெளியில் ஜப்பானியப் பாட்டு இரண்டு வழியாகவும் வந்து சேர்ந்த ஊர் நம் பினாங்கு. 1942 முதல் 1945 வரை அது பள்ளி வளாகத்தில் வரிசையாக நிற்கவைத்துப் பாடப்பட்டது. 1980களுக்குப் பின்னர் அதே நாட்டில் பிறந்த கரோக்கே என்னும் கருவியோடு வந்து, பாட விரும்பியவர் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்தது.

இவ்விரு வருகைகளையும் ஒப்பிடுமுன், ஜப்பானியர் பாட்டுப் பெயர்களைக் கொண்டு ஆடும் விளையாட்டு ஒன்றை அறிந்துகொள்வது நன்று. தமிழாசிரியர்களாகிய நமக்கு அது சற்றும் அயலானதன்று.

ஜப்பானின் சொற்சங்கிலி

அவ்விளையாட்டின் பெயர் ஷிரிதோரி. ஷிரி என்றால் கடை. தோரி என்றால் பற்றுதல். ஒருவர் ஒரு சொல்லைச் சொல்வார். அதன் கடையெழுத்தை முதலெழுத்தாகக் கொண்ட சொல்லை அடுத்தவர் சொல்ல வேண்டும். அந்தத்தை ஆதியாக்குவது என்று நம் வழக்கில் ஒரே தொடரில் சொல்லிவிடலாம்.

ஜப்பானிய எழுத்துமுறையில், நம் உயிர்மெய்யைப் போல, ஓரெழுத்து ஓர் ஒலிக்கூட்டைக் குறிக்கும். ஆதலால் ஆட்டம் தடையின்றி ஓடும். ஒரே ஒரு தடை உண்டு. ஜப்பானியத்தில் தனித்து நிற்கக்கூடிய மெய் 'ன்' ஒன்றுதான். அதனைக் கடையிலே கொண்ட சொற்கள் பல. முதலிலே கொண்ட சொல் இல்லை. எனவே 'ன்' என்று முடியும் சொல்லைச் சொன்னவர் தோற்றவராவார். ஒரு மொழியின் மொழிமுதல் மரபு, குழந்தைகளின் ஆட்டத்தில் விதியாக அமைந்திருப்பது எண்ணி மகிழத்தக்கது.

இது வெறுஞ் சிறுவர் பொழுதுபோக்கு அன்று. எழுத்துச் சங்கிலி எனப் பொருள்படும் மொஜிகுசரி என்னும் செய்யுள் விளையாட்டு அங்குப் பழைய காலத்திலேயே இருந்தது. புலவர் பலர் கூடி அமர்ந்து, ஒருவர் பாடிய பகுதியைத் தொடர்ந்து மற்றவர் பாடும் ரெங்கா என்னும் தொடர்ப்பாடலும் இருந்தது. சோகி, ஷோஹாகு, சோச்சோ என்னும் மூவர் 1488ஆம் ஆண்டில் மினாசே என்னும் தலத்தை முன்னிட்டுப் பாடிய நூறு பகுதிகள் அவ்வகையின் உச்சமாகப் போற்றப்படுகின்றன. இன்று உலகெங்கும் பேசப்படும் ஹைக்கூ, இத்தகைய தொடர்ப்பாடலின் தொடக்கப் பகுதி தனித்துப் பிரிந்து வளர்ந்ததே ஆகும்.

நூறு என்ற எண்ணைக் கேட்டவுடன் நமக்கு அந்தாதி நினைவுக்கு வரும். காரைக்காலம்மையாரின் அற்புதத் திருவந்தாதி 101 வெண்பாக்களால் ஆனது. அபிராமி பட்டரின் அபிராமி அந்தாதி, நூற்பயனை நீக்கினால் நூறு பாட்டுகளால் ஆனது. இவற்றில் ஒரு பாட்டின் இறுதி அடுத்த பாட்டின் முதலாகும். கடைசிப் பாட்டின் இறுதி முதற்பாட்டின் தொடக்கத்தோடு சென்று சேர்ந்து மண்டலிக்கும். ரெங்காவில் தொடுப்பது பொருள். அந்தாதியில் தொடுப்பது சொல். அங்குப் பாடுவோர் பலர். இங்குப் பாடுவோர் ஒருவர். எனினும் இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே. முன்னது முடிந்த இடத்தை மறவாதவனே பின்னதைத் தொடங்க முடியும்.

எட்டுப் பாட்டுகள், ஒரு தொடர்

பாட்டுப் பெயர்களைக் கொண்டும் ஜப்பானியர் ஷிரிதோரி ஆடுவர். எவ்வாறு என்பதற்கு, அங்குப் பலரும் அறிந்த எட்டுப் பெயர்களைக் கோத்துக் காட்டுகிறேன்.

ஃபுருசாத்தோ என்பது சொந்த ஊரை நினைந்து ஏங்கும் பள்ளிப் பாட்டு, 1914இல் வெளிவந்தது. அதன் கடையெழுத்து 'தோ'. அதனைப் பற்றித் தோர்யான்செ வரும். இது எடோ காலத்துச் சிறுவர் விளையாட்டுப் பாட்டு. பிற்காலத்தில் ஜப்பானிய நகரங்களில் சாலையைக் கடக்கும் இடத்தில் பச்சை விளக்கோடு ஒலித்த இசையும் இதுவே. 'செ' என்னும் ஈற்றைப் பற்றி, செக்காய் நி ஹித்தோட்சு தாக்கே நோ ஹானா என்ற 2003ஆம் ஆண்டுப் பாட்டு வரும். உலகில் ஒன்றேயான பூ என்பது அதன் பொருள். அடுத்து 'நா'வில் தொடங்கும் நாதா சோசோ. இறந்துபோன தமையனை நினைந்து மொரியாமா ரியோகோ என்னும் பாடகி இயற்றிய பாட்டு, 1998இல் வெளிவந்தது.

சோசோ என்பதை ஜப்பானியர் எழுதும்போது ஓகார நெடிலைக் காட்ட இறுதியில் 'உ' என்னும் எழுத்தை இடுவர். ஆகவே அடுத்த பெயர் உகரத்தில் தொடங்கலாம். உஎ ஓ முயித்தே அருக்கோ என்ற புகழ்பெற்ற பாட்டு இங்கு வந்து பொருந்தும். 1961இல் சக்காமோட்டோ கியூ பாடிய இப்பாட்டு, 1963இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. மேலே பார்த்து நடப்போம் என்று பொருள்படும் பெயரை விட்டுவிட்டு, சுக்கியாக்கி என்ற இறைச்சிக் குழம்பின் பெயரை அதற்கு மேனாட்டு வணிகர் சூட்டினர். இப்பெயரில் ஒரு சிறப்புண்டு. எழுத்தளவில் இது உகரத்தில் தொடங்கி உகரத்திலேயே முடிகிறது. நம் யாப்பு நூலார் கண்டிருந்தால், தன்னளவிலேயே மண்டலித்த பெயர் என்று மகிழ்ந்திருப்பர்.

அடுத்து, கடல் எனப் பொருள்படும் உமி. இது 1941இல் பள்ளிப் பாட்டுநூலில் இடம்பெற்ற குழந்தைப் பாட்டு. 'மி'யைப் பற்றி, மிக்கான் நோ ஹானா சாக்கு ஓக்கா வரும். ஆரஞ்சு வகை மரங்கள் பூத்திருக்கும் குன்றைப் பாடும் இது போர் முடிந்த மறுஆண்டாகிய 1946இல் தோன்றியது. இறுதியாகக் 'கா'வில் தொடங்கும் காவா நோ நாகாரே நோ யோ நி. ஆற்றின் ஓட்டம் போல என்பது பொருள். மிசோரா ஹிபாரி என்னும் பெரும்பாடகி தாம் மறைந்த 1989ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியிட்ட பாட்டு இது.

எட்டுப் பெயர்களைக் கோத்தோம். எடோ காலம் முதல் 2003 வரை ஒரு நாட்டின் வாழ்க்கை அதனுள் வந்துவிட்டது. பாட்டுப் பெயர்த் தொடர் ஒரு சிறு வரலாற்று நூல் போன்றது. அத்தொடரின் நடுவே 1941 என்ற ஆண்டு நிற்பதைக் காண்க. உமி என்னும் அக்குழந்தைப் பாட்டு, கடலிலே கப்பலை மிதக்கவிட்டு வேற்று நாட்டுக்குப் போய்ப் பார்க்கும் ஆசையைப் பாடி முடிகிறது. பாட்டில் குற்றமில்லை, பாடிய குழந்தைகளிடமும் குற்றமில்லை. ஆனால் அந்த ஆண்டு முடியுமுன் ஜப்பானியக் கப்பல்கள் வேற்று நாடுகளுக்குப் புறப்பட்டே விட்டன.

வரிசையில் நின்று பாடியது

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 11ஆம் நாள் ஜோர்ஜ் டவுன் மீது வானூர்திகள் குண்டுமாரி பொழிந்தன. தெருவில் நின்று வேடிக்கை பார்த்த மக்கள் பெருந்தொகையாக மாண்டனர். ஆட்சியாளர் ஐரோப்பியரை மட்டும் ஓசையின்றிக் கப்பலேற்றிக் கொண்டு வெளியேறினர். கைவிடப்பட்ட நகரில் ஒழுங்கைக் காக்க முன்வந்தவர்களுள் தலையாயவர் ஒரு தமிழர். ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ நாளிதழின் ஆசிரியராக இருந்த இலங்கைத் தமிழர் எம். சரவணமுத்துவே கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கினார். டிசம்பர் 19ஆம் நாள் ஜப்பானியர் தீவுக்குள் நுழைந்தனர்.

அதன்பின் நாட்காட்டியும் கடிகாரமும் மாறின. 1942 என்பது ஜப்பானியக் கணக்கில் 2602 ஆயிற்று. தோக்கியோ நேரத்தைப் பின்பற்றக் கடிகார முள் ஒன்றரை மணி முன்னே தள்ளப்பட்டது. மீண்டும் திறக்கப்பட்ட பள்ளிகளில் நிப்போங்கோ எனப்பட்ட ஜப்பானிய மொழி நுழைந்தது. ஆசிரியர்கள் முதலில் கற்று, கற்றதை உடனே கற்பிக்க வேண்டியவராயினர். காலையில் மாணவர் வரிசையாக நின்று, பேரரசர் இருக்கும் திசை நோக்கித் தலைவணங்கி, கிமிகாயோ பாடினர். பிறகு உடற்பயிற்சி செய்தனர். மொழியைப் புகட்டப் பாட்டே எளிய கருவி என்பதை ஆட்சியாளர் நன்கு அறிந்திருந்தனர். இலக்கணம் ஏறாத நாவிலும் மெட்டு ஏறிவிடும் அல்லவா?

கிமிகாயோவின் சொற்கள் ஜப்பானின் பழம்பெருந் தொகை நூல்களுள் ஒன்றான கோக்கின்ஷூவைச் சேர்ந்தவை. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுக்கப்பட்ட நூல் அது. நம் தனிப்பாடலைப் போன்ற ஒரு வாழ்த்துப் பாட்டு அது. அதற்கு 1880இல் இப்போதுள்ள இசை அமைந்தது. தன் நாட்டில் வாழ்த்தாக இருந்த பாட்டு, பினாங்குச் சிறுவனுக்கு அச்சமாக வந்து சேர்ந்தது. வணங்கத் தவறியவன் கன்னத்தில் அறை விழுந்த காலம் அது. அரிசி அரிதாகி மரவள்ளிக் கிழங்கே உணவான காலம் அது.

அதே ஆண்டுகளில், சயாம் மரண ரயில் என்று நம்மவர் பெயரிட்டு அழைக்கும் 415 கிலோமீட்டர் பாதைக்காக, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். 1943 அக்டோபரில் பாதை முடிந்தபோது, அதில் உழைத்த ஆசியத் தொழிலாளருள் ஏறத்தாழ 90,000 பேர் மாண்டிருந்தனர் என்று கணக்கிடுவர். தகப்பன் காட்டிலே தண்டவாளம் சுமக்க, மகன் பள்ளியிலே ஜப்பானியப் பாட்டுப் பாடிய குடும்பங்கள் நம்மிடையே இருந்தன. ஜப்பான்காரன் காலம் என்ற தொடரை முதியோர் உச்சரிக்கும்போது குரல் தாழ்வதற்குக் காரணம் இதுவே.

1945 செப்டம்பர் 3ஆம் நாள் பிரிட்டிஷ் படை மீண்டும் தீவில் இறங்கியது. கட்டளை நின்றது, பாட்டும் நின்றது. இன்று தொண்ணூறைக் கடந்த சிலரது நினைவில் ஓரிரு வரிகள் எஞ்சியிருக்கின்றன. பொருள் கேட்டால் தெரியாது என்பர். அவற்றைத் தம் மக்களுக்குக் கற்றுக்கொடுத்தவரும் அரியர். மூன்றரை ஆண்டு நாள்தோறும் பாடிய பாட்டு, அடுத்த தலைமுறைக்குக் கைமாறவில்லை. அந்தம் இருந்தது; அதைப் பற்றிக்கொண்டு தொடங்கும் ஆதி இல்லை.

ஒருவர் மட்டும் வேறாக வளர்ந்தார். பினாங்கு அக்காலத்தில் ஜப்பானியக் கடற்படைக்கு நீர்மூழ்கித் தளமாக இருந்தது. கைகுன் கக்கோ எனப்பட்ட கடற்படைப் பள்ளியில், 1929இல் இவ்வூரிலே பிறந்த சிறுவன் ஒருவன் சேர்ந்தான். அங்கே ஜப்பானியப் பாட்டுகளைப் பாடினான்; இசையின் அடிப்படைகளையும் கற்றான். அவனே பின்னாளில் மலாய்த் திரையுலகின் முடிசூடா மன்னராக விளங்கிய பி. ரம்லி. அவர் நடித்த சார்ஜன் ஹசான் என்னும் 1958ஆம் ஆண்டுப் படம் அந்தப் போர்க்காலத்தையே கதையாக்கியது. அதற்கு முந்திய ஆண்டில், தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் அனாக்கு சசாலி படத்துக்காகச் சிறந்த நடிகர் விருதையும் பெற்றார். அவர் அன்று பெற்றவற்றுள் பாட்டு உதிர்ந்தது; இசையறிவு தங்கியது. அவ்வறிவு மலாய்ப் பாட்டாக வெளிவந்தது. கட்டளையிலிருந்தும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட திறமை அது. எனினும் அத்தகையோர் ஆயிரத்தில் ஒருவர். பாடத்திட்டத்தை ஆயிரவரில் ஒருவரை வைத்து எடைபோடுதல் ஆகாது.

விரும்பி எடுத்த ஒலிவாங்கி

போர் முடிந்தபின் சிங்கப்பூரில் ஏறத்தாழ இரண்டாண்டுகள் போர்க்கைதியாக இருந்து, 1947இல் தாயகம் திரும்பிய ஜப்பானிய வீரர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் நெகிஷி ஷிகேஇச்சி. தோக்கியோவில் மின்னணுப் பொருள் தொழிலகம் நடத்திய அவர், 1967இல் இசை ஒலிக்க உடன் பாடுவதற்கு ஒரு கருவியைச் செய்தார். 2024இல் நூறு வயதில் மறைந்தார். 1971இல் கோபே நகரைச் சேர்ந்த இசைக்கலைஞர் இனோஉஎ தைசுகே தனியே அதுபோன்ற கருவியைச் செய்து மதுக்கடைகளுக்கு வாடகைக்கு விட்டார். இருவரும் காப்புரிமை பெறவில்லை. 'காரா' என்றால் வெறுமை. 'ஓக்கே' என்பது ஆர்க்கெஸ்ட்ரா என்ற சொல்லின் குறுக்கம். வாத்தியக்காரர் இல்லாத வாத்தியக் குழு என்பது கரோக்கேயின் பொருள்.

பாயான் லெப்பாஸ் தொழில் வட்டாரத்தில் ஜப்பானியத் தொழிற்சாலைகள் எழுந்ததும், 1982இல் நாட்டின் கிழக்கை நோக்கும் கொள்கை தொடங்கியதும் ஜப்பானை மீண்டும் நம் கண்முன் கொண்டுவந்தன. அக்காலத்தில் கரோக்கே மலேசிய நகரங்களில் பரவியது. இட்சுவா மயுமி 1982இல் பாடிய கொக்கோரோ நோ தோமோ, மலாய் பேசும் நாடுகளில் ஜப்பானியம் அறியாதவரும் பாடும் பாட்டாயிற்று. இவ்வூர்ப் பாடாங் திடலில் பல ஆண்டுகளாக நடந்துவரும் போன் ஓடோரி விழாவில், ஜப்பானிய நாட்டுப் பாட்டுக்கு எல்லா இனத்தாரும் வட்டமாக நின்று ஆடுகின்றனர். வணங்கச் சொல்லி யாரும் ஆணையிடவில்லை. தமிழர் இல்லத் திருமணங்களிலோ அதே கருவி தமிழ்த் திரைப்பாட்டுக்குப் பக்கவாத்தியம் ஆகிவிட்டது. ஜப்பானியப் பாட்டைப் புகட்ட முயன்ற அரசு தோற்றது. யார் பாட்டையும் பாடிக்கொள்ள விட்ட கருவி வென்றது.

திரை தரும் சொல்லும் நெஞ்சு தரும் சொல்லும்

கரோக்கேயின் வெற்றியில் ஒரு குறை மறைந்திருக்கிறது. திரையில் சொற்கள் ஓடுகின்றன. பாட வேண்டிய சொல் நிறம் மாறிக் காட்டுகிறது. பாடுபவர் பாட்டை அறிந்திருக்க வேண்டுவதில்லை; படிக்கத் தெரிந்தால் போதும். திரை அணைந்ததும் பாட்டும் அணைகிறது. சொற்சங்கிலி இதற்கு நேர்மாறானது. அதற்குத் திரையும் வேண்டா, கருவியும் வேண்டா; நெஞ்சில் சரக்கு வேண்டும். நூறு பாட்டுப் பெயர் தெரிந்தவன் நூறு பேரை வெல்வான். ஜப்பானியர் ஒரே கூடத்தில் இரண்டையும் வைத்திருக்கின்றனர். சங்கிலி ஆடிப் பாட்டைத் தேர்கின்றனர், பிறகு கருவியோடு பாடுகின்றனர். நாம் கருவியை மட்டும் வாங்கினோம்.

நம்மிடமும் அவ்விளையாட்டு இல்லாமலில்லை. இலங்கை வானொலியில் பி. எச். அப்துல் ஹமீது நடத்திய பாட்டுக்குப் பாட்டு நிகழ்ச்சி கடல் கடந்தும் தமிழரைக் கட்டிப்போட்டது. ஆயினும் எழுத்தளவில் சொற்சங்கிலி ஆடப் புகும் தமிழ் மாணவன் விரைவில் இடறுவான். அதற்கு இலக்கணக் காரணம் உண்டு. நன்னூலார் மொழிக்கு இறுதியாகும் மெய்கள் பதினொன்று என்றார். அவற்றுள் ண, ன, ர, ல, ழ, ள ஆகிய ஆறும் மொழிக்கு முதலாகா. ஜப்பானியர்க்குத் தடை ஒரு மெய், நமக்கு ஆறு. மலை என்று ஒருவன் சொன்னால், லை என்று தொடங்கும் தமிழ்ச் சொல்லுக்கு அடுத்தவன் எங்கே போவான்?

நம் முன்னோர் இந்தத் தடையை அறிந்தவர்கள். அந்தாதித் தொடையை எழுத்தோடு நிறுத்தாமல் அசை, சீர், அடி என விரித்தனர். மலைத்தேன், தேன்மொழி, மொழிநடை, நடைவண்டி, வண்டிச்சக்கரம் என்று சொல்லளவில் தொடுத்தால் எந்த மெய்யும் குறுக்கே நில்லாது. ஈற்று உயிரை மட்டும் பற்றுவது மற்றொரு வழி. மலை என்பதன் ஐகாரத்தைப் பற்றி ஐயம். ஐயத்தின் மகரத்தைப் பற்றி மரம் என்று ஓடலாம். வகுப்பில் இவ்விரு விதிகளையும் மாணவரே வகுத்துக்கொள்ளும்படி விட்டால், மொழிமுதல் மொழியிறுதி எழுத்துகளைப் பற்றிய நூற்பாக்கள் மனப்பாடச் சுமையாக இரா. ஏன் நின்றோம் என்று கேட்கும் மாணவன், நன்னூலுக்குத் தானே வந்து சேர்வான்.

நம் தமிழ்ப்பள்ளிகளில் பாட்டு இருக்கிறது. ஒலிப்பெட்டியும் திரையும் இருக்கின்றன. பாட்டுப் போட்டிகளுக்கும் குறைவில்லை. குறைவது, அடுத்தவன் எடுத்துத் தொடரும்படி ஒரு பாட்டை நெஞ்சில் வைத்திருக்கும் பழக்கம். ஆத்திசூடியையும் திருக்குறளையும் தாத்தாவிடமிருந்து பேரன் வாங்கிக்கொண்ட காலத்தில் இடையே திரை நிற்கவில்லை. 1942இன் பாடம் நமக்கு ஓர் எச்சரிக்கையும் ஆகும். வரிசையில் நிற்கவைத்துப் பொருள் சொல்லாமல் பாடவைத்தால், தாய்மொழிப் பாட்டும் அந்த ஜப்பானியப் பாட்டின் கதியையே அடையும். தேர்வு முடிந்த மறுநாள் அது உதிர்ந்துவிடும்.

ஆகவே வாரத்தில் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குவோம். மாணவர் வட்டமாக அமரட்டும். ஒருவன் தான் அறிந்த தமிழ்ப் பாட்டு ஒன்றின் பெயரைச் சொல்லி, பொருளை இரண்டு வரியில் கூறட்டும். அதன் இறுதிச் சொல்லை அடுத்தவன் பற்றட்டும். தெரியாதவன் தோற்றவன் ஆகமாட்டான். வீட்டிலே கேட்டு வந்து மறுவாரம் தொடங்குவான். பாட்டியிடம் கேட்டு வந்தவன் கொண்டுவரும் பாட்டு, நம் பாடநூலில் இல்லாததாகவும் இருக்கலாம். அதை எழுதிக்கொள்ள ஆசிரியர் ஒரு குறிப்பேட்டோடு அமர்ந்திருக்க வேண்டும்.